புள்ளிக் கட்டத்தைக் கடைசியில் பாருங்கள்: சர்வதேசக் கூடைப்பந்து பாக்ஸ் ஸ்கோரைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம் தொடங்கியபோது சென்னையில் நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. மறுநாள் ஞாயிறுதான் என்றாலும், நம்மில் பலர் காலையில் எழுந்து மொபைலில் ஸ்கோர் பார்த்ததோடு சரி. அமெரிக்கா 98, பிரான்ஸ் 87. அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்ற அணியின் விக்டர் வெம்பன்யாமா, 26. அமெரிக்கா பக்கம் ஸ்டெஃபன் கரி, 24.

இதோடு நிறுத்திக்கொண்டால் வெம்பன்யாமா கரியைவிட ஒரு படி மேலே ஆடினார் என்றுதான் தோன்றும். ஆனால் கரி அந்த 24 புள்ளியை 13 ஷாட்டில் எடுத்தார். உள்ளே போன எட்டும் த்ரீ, அதாவது தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட மூன்று புள்ளிக் கூடை. பந்து எண்ணிக்கையை மறைத்துவிட்டு ரன்னை மட்டும் சொன்னால் சேப்பாக்கத்தில் ஒருவரும் அந்த இன்னிங்ஸைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டார்கள். கூடைப்பந்து என்றால் மட்டும் புள்ளியோடு திருப்தியாகிவிடுகிறோம்.

ஆட்டத்தைப் பார்க்காதவரும் ஓரளவு பார்த்தது போலப் புரிந்துகொள்ள, பார்த்தவர் தன் கண்ணைச் சரிபார்த்துக்கொள்ள, பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஒவ்வொரு ஆட்டக்காரரின் எண்களையும் கட்டம் கட்டமாகப் பதிந்த தாளை, எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: சரியான தாளை எடுங்கள்

தேசிய அணிகள் மோதும் ஆட்டங்களுக்கு சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் இணையதளத்திலேயே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் பாக்ஸ் ஸ்கோர், பிளே-பை-பிளே (நடந்ததை நேர வரிசையில் சொல்லும் பட்டியல்), ஷாட் சார்ட் (எங்கிருந்து எறிந்தார்கள் என்ற படம்) மூன்றும் கிடைக்கும். செய்திகளில் வரும் சுருக்கப் பட்டியல் வேண்டாம். அதில் எத்தனை ஷாட் தவறியது என்பதே பெரும்பாலும் இருக்காது.

வடிவம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2024 நவம்பரில் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் இந்தியா ஆடிய ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களின் தாளைப் படிக்கத் தெரிந்தால் ஒலிம்பிக் தாளையும் படித்துவிடலாம். கத்தார், கஜகஸ்தான் அணிகளுடன் நடந்த அந்த இரண்டு ஆட்டங்களின் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படித்தால் இன்னும் நல்லது. நேரில் போனவர்களுக்கு நினைவும் கைகொடுக்கும்.

படி 2: நிமிடமும் நட்சத்திரக் குறியும்

பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அவர் தொடக்க ஐவரில் ஒருவர். இல்லையென்றால் பெஞ்சிலிருந்து வந்தவர். டிஎன்பி என்றிருந்தால் இறங்கவே இல்லை.

ஃபீபா ஆட்டம் நாலு குவாட்டர், ஒவ்வொன்றும் 10 நிமிடம். ஐந்து பேர் கோர்ட்டில் இருப்பதால் ஓர் அணியின் மொத்த நிமிடம் 200. ஓவர்டைம் 5 நிமிடம். ஒரு ஓவர்டைம் போனால் 225. இந்த 200-ஐப் பயிற்சியாளர் எப்படிப் பங்கு போட்டார் என்பதைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். எட்டுப் பேருக்குள் முடித்தாரா, பன்னிரண்டு பேரையும் இறக்கினாரா? முக்கிய ஆட்டக்காரர் 18 நிமிடம்தான் ஆடினார் என்றால் ஃபவுல் சிக்கலா, காயமா, அல்லது ஆட்டம் சீக்கிரமே கையில் வந்துவிட்டதா?

பாரிஸில் செர்பியாவுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் கெவின் டூரன்ட் பெஞ்சிலிருந்து வந்து சுமார் 17 நிமிடத்தில் 23 புள்ளி எடுத்தார். 9 ஷாட்டில் 8 உள்ளே. அதே ஆட்டத்தில் ஜேசன் டேட்டம் பெயருக்கு எதிரே டிஎன்பி. அந்த ஜூன் மாதம்தான் பாஸ்டன் அணியுடன் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் பட்டம் வென்று வந்திருந்தார் அவர். தேசிய அணியில் யார் நட்சத்திரம் என்பது நிமிடக் கட்டத்துக்குத் தெரியாது.

படி 3: ஷாட் கட்டம். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்

எஃப்ஜி (ஃபீல்டு கோல், அதாவது ஃப்ரீ த்ரோ தவிர்த்த ஷாட்) என்ற கட்டத்தில் 8/13 என்றிருந்தால் 13 முறை எறிந்து 8 உள்ளே போயிருக்கிறது. ஃபீபா தாளில் இது டூ, த்ரீ என்று தனித்தனியாகவும் பிரித்திருக்கும். ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியும் ஒரு புள்ளி ஷாட்டான ஃப்ரீ த்ரோவுக்கு வேறு கட்டம்.

எது முயற்சியாகக் கணக்கில் வரும் என்பது முக்கியம். ஷாட் எடுக்கும்போது ஃபவுல் செய்யப்பட்டு பந்து உள்ளே போகாவிட்டால் அது முயற்சியே அல்ல. ஃப்ரீ த்ரோ மட்டும் பதிவாகும். ஃபவுலையும் மீறி உள்ளே போனால் முயற்சியும் உண்டு, கூடையும் உண்டு. எதிரணி பிளாக் செய்த (தட்டித் தடுத்த) ஷாட் தவறிய முயற்சிதான்.

சின்னப் பயிற்சி ஒன்று. 2023 உலகக் கோப்பையின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கனடாவின் டில்லன் புரூக்ஸ் 39 புள்ளி. ஷாட் 12/18, அதில் த்ரீ 7/8. ஃப்ரீ த்ரோ எத்தனை உள்ளே போனது? ஏழு த்ரீக்கு 21, மீதி ஐந்து டூவுக்கு 10, ஆக 31. 39 வர வேண்டுமென்றால் ஃப்ரீ த்ரோவில் 8. இப்படி விடுபட்ட கட்டத்தை நீங்களே கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், செய்தியில் எங்காவது தப்பாக அச்சாகியிருந்தாலும் பிடித்துவிடலாம்.

அடுத்து, வெறும் சதவிகிதம் ஏமாற்றும் என்பதையும் பார்க்க வேண்டும். பத்து டூ எறிந்து ஐந்து போட்டவர் 50%, பத்துப் புள்ளி. பத்து த்ரீ எறிந்து நாலு போட்டவர் 40%தான், ஆனால் 12 புள்ளி. இந்தக் கோணலைச் சரிசெய்ய இரண்டு கணக்கு இருக்கிறது.

முதலாவது திருத்திய ஷாட் சதவிகிதம். போட்ட ஷாட்டோடு, போட்ட த்ரீயில் பாதியைக் கூட்டி, முயற்சியால் வகுக்க வேண்டும். கரியின் இறுதி ஆட்டத்துக்கு: 8 + 4 = 12, அதை 13-ஆல் வகுத்தால் 92%. ஐம்பதைத் தாண்டினாலே மோசமில்லை என்று சொல்லும் கணக்கு இது. ஒலிம்பிக் இறுதியில் 92% என்பதை என்னவென்று சொல்வது!

இரண்டாவது, ஃப்ரீ த்ரோவையும் சேர்த்த உண்மைச் சதவிகிதம். புள்ளியை, (ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி) என்ற தொகையின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 0.44 ஏன்? ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் ஒரு தாக்குதலை (பந்து அணியின் கையில் இருக்கும் ஒரு முறையை) செலவழிப்பதில்லை. இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து ஒரு தாக்குதல்; கூடையோடு கிடைக்கும் கூடுதல் ஒன்று தாக்குதலே அல்ல. எல்லாவற்றையும் சராசரி பார்த்தால் ஏறக்குறைய 0.44 வருகிறது. ஃப்ரீ த்ரோவிலேயே வாழும் ஆட்டக்காரர்களை இது இல்லாமல் எடைபோடக் கூடாது.

படி 4: ரீபவுண்ட்

தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதே ரீபவுண்ட். மொத்த எண்ணிக்கையைத் தாண்டி ஓஆர் (தாக்குதல் ரீபவுண்ட்), டிஆர் (தடுப்பு ரீபவுண்ட்) இரண்டையும் தனியாகப் பாருங்கள். தடுப்பு ரீபவுண்ட் பெரும்பாலும் நம் கைக்கே வர வேண்டியது. எதிரணி ரிங்கின் கீழ் தாக்குதல் ரீபவுண்ட் எடுப்பது உழைப்பு. அது இன்னொரு வாய்ப்பையும் வாங்கித் தருகிறது.

அணிகளை ஒப்பிடும்போது எண்ணிக்கை உதவாது, ஏனென்றால் நிறையத் தவறவிடும் அணிக்குத் தாக்குதல் ரீபவுண்ட் எடுக்க நிறைய வாய்ப்பு. ஆகவே நம் ஓஆரை, நம் ஓஆரும் எதிரணி டிஆரும் சேர்ந்த தொகையால் வகுத்துப் பாருங்கள். 30% தாண்டினால் ரிங்கின் கீழ் அந்த அணி நன்றாகவே சண்டை போட்டிருக்கிறது.

பட்டியலின் அடியில் அணி என்று ஒரு வரி இருக்கும். தவறிய பந்து யார் கையிலும் சிக்காமல் கோட்டுக்கு வெளியே போனால் அது அணியின் ரீபவுண்ட். 24 வினாடிக்குள் ஷாட் எடுக்காமல் பந்தை இழந்தால் அதுவும் எந்த ஆட்டக்காரர் தலையிலும் விழாமல் இந்த வரிக்கே வரும். கூட்டல் உதைக்கிறதே என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த ஒரு வரியைத்தான்.

படி 5: அசிஸ்ட், டர்ன் ஓவர், ஸ்டீல், பிளாக்

ஷாட் உள்ளே போனதா இல்லையா என்பதில் சந்தேகம் வராது. கூடைக்கு வழி செய்த பாஸான அசிஸ்ட் அப்படியல்ல, மேசையில் உட்கார்ந்து பதிகிறவரின் தீர்ப்பு. பாஸ் வாங்கியவர் அதன் பலனாகவே கூடை போட்டாரா, இல்லை தன் திறமையால் ஆளைத் தாண்டிப் போட்டாரா என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். அதனால் அசிஸ்ட்டில் ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஃபீபாவுக்கென்று ஒரு விதி உண்டு. பாஸ் வாங்கி ஷாட் எடுத்தவர் ஃபவுல் செய்யப்பட்டு, ஃப்ரீ த்ரோவில் ஒன்றாவது உள்ளே போனால் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் கிடைக்கும். என்பிஏவில் கிடைக்காது. இரண்டு இடத்து அசிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அசிஸ்ட்டைத் தனியாகப் படிக்காமல் டர்ன் ஓவரோடு (ஷாட் எடுக்காமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) சேர்த்துப் படியுங்கள். எட்டு அசிஸ்ட், இரண்டு டர்ன் ஓவர் என்றால் அந்த ஆட்டக்காரர் பந்தைப் பத்திரமாக வைத்திருந்தார். எட்டுக்கு ஏழு என்றால் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். பந்தைப் பறிக்கும் ஸ்டீல் ஒவ்வொன்றும் எதிரணியின் ஒரு டர்ன் ஓவர். ஆனால் டர்ன் ஓவர் எல்லாம் ஸ்டீல் ஆகாது. டிராவல் (பந்தைத் தட்டாமல் நடப்பது), கோட்டைத் தாண்டுதல் எல்லாம் அதில் அடக்கம்.

புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் இவற்றில் ஏதாவது மூன்றில் இரட்டை இலக்கம் தொட்டால் டிரிபிள் டபுள். பாரிஸ் அரையிறுதியில் லெப்ரான் ஜேம்ஸ் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். அந்த ஆட்டத்தில் எல்லோரும் பேசியது கரியின் 36 புள்ளியைத்தான், அதுவும் நியாயம்தான்.

படி 6: ஃபவுல் இரண்டு வகை

செய்த ஃபவுல் ஒரு கட்டம், வாங்கிய ஃபவுல் இன்னொரு கட்டம். ஃபீபாவில் ஐந்து ஃபவுலோடு ஆள் வெளியே, என்பிஏவில் ஆறு. வாங்கிய ஃபவுலை யாருமே கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் முழுத் தாளிலும் அதிகம் மதிக்கப்படாத கட்டம் இதுதான். ஒரு குவாட்டரில் எதிரணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து, நாம் ஷாட் எடுக்காவிட்டாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். எட்டு ஃபவுல் வாங்கிய ஒருவர் பத்துப் புள்ளிதான் எடுத்திருந்தாலும், எதிரணியின் உயரமான ஆளை பெஞ்சில் உட்கார வைத்தவர் அவராகவே இருக்கலாம்.

படி 7: பிளஸ்-மைனஸை நம்புவதா?

ஒருவர் கோர்ட்டில் இருந்த நேரத்தில் அவர் அணி எத்தனை புள்ளி முன்னே போனது, பின்னே போனது என்பதே இது. ஒரு சரிபார்ப்பு சொல்கிறேன்: ஓர் அணியின் எல்லாருடைய பிளஸ்-மைனஸையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு வர வேண்டும். பாரிஸ் இறுதியில் வித்தியாசம் 11. அமெரிக்கப் பட்டியலைக் கூட்டினால் 55.

ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை வைத்து ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். நான்கு நல்லவர்களோடு ஆடும் சுமாரான ஆளுக்கும் +15 வரும். பத்துப் பதினைந்து ஆட்டங்களைச் சேர்த்தால்தான் அது பேசத் தொடங்கும். தேசிய அணிகள் வருடத்தில் ஆடுவதே சில ஆட்டங்கள்தான் என்பதால் இங்கே எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

படி 8: எஃபிஷியன்சி எண்ணை நீங்களே போடுங்கள்

ஃபீபா தாளில் ஈஎஃப் என்றிருக்கும் எண்ணுக்குக் கணக்கு எளிது. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டுங்கள். தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்ன் ஓவர் மூன்றையும் கழியுங்கள்.

பழகுவதற்காக இரண்டு கற்பனை ஆட்டக்காரர்கள். முதலாமவர் 20 புள்ளி. ஷாட் 7/19, அதில் இரண்டு த்ரீ. ஃப்ரீ த்ரோ 4/6. 4 ரீபவுண்ட், 2 அசிஸ்ட், 1 ஸ்டீல், 4 டர்ன் ஓவர். இரண்டாமவர் 11 புள்ளி. ஷாட் 4/6, ஒரு த்ரீ. ஃப்ரீ த்ரோ 2/2. 8 ரீபவுண்ட், 5 அசிஸ்ட், 2 ஸ்டீல், 1 பிளாக், 1 டர்ன் ஓவர்.

கூட்டல் பக்கம் இருவருக்கும் 27. கழிக்கும் பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. முதலாமவருக்கு தவறிய ஷாட் 12, தவறிய ஃப்ரீ த்ரோ 2, டர்ன் ஓவர் 4, ஆக 18. மிச்சம் 9. இரண்டாமவருக்குக் கழிவு வெறும் 3, மிச்சம் 24. உண்மைச் சதவிகிதம் போட்டால் முதலாமவருக்கு 46, இரண்டாமவருக்கு 80. மறுநாள் தலைப்பில் வருவது மட்டும் 20 புள்ளிக்காரர் பெயர்தான்.

இந்த எண்ணுக்கும் குறை உண்டு. கடினமான ஆளைக் காவல் காத்து அவரை ஷாட்டே எடுக்க விடாதவருக்கு இதில் ஒரு புள்ளியும் சேராது. ஸ்கிரீன் போட்டு, அதாவது எதிராளியின் வழியை மறித்து நின்று, உதவியவருக்கும் எதுவும் இல்லை. நோக்கமும் தெரியாது. 2023 உலகக் கோப்பையின் அதே மூன்றாம் இட ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராக அமெரிக்காவின் மிக்கல் பிரிட்ஜஸ், சில வினாடிகளே மிச்சம் இருக்க, இரண்டாவது ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிட்டு, பந்தைத் தானே பிடித்து, மூலையிலிருந்து த்ரீ போட்டு 111-111 என்று சமன் செய்தார். தாளில் அது ஒரு தவறிய ஃப்ரீ த்ரோ, ஒரு தாக்குதல் ரீபவுண்ட், ஒரு த்ரீ. அவ்வளவுதான். (ஓவர்டைமில் கனடா 127-118 என்று வென்றது.)

படி 9: அணியின் கணக்கும் குவாட்டர் ஸ்கோரும்

கூடைப்பந்துப் புள்ளிவிவரத்தில் முன்னோடியான டீன் ஆலிவர் ஒரு அணியின் வெற்றியை நான்கு விஷயமாகப் பிரித்தார்: ஷாட் திறன், டர்ன் ஓவர், தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவது. முக்கியத்துவமும் அந்த வரிசையில்தான். இரண்டு அணிக்கும் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதினால் ஆட்டம் எங்கே கைமாறியது என்பது பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

எத்தனை தாக்குதல் நடந்தது என்று தெரிய: ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி − தாக்குதல் ரீபவுண்ட் + டர்ன் ஓவர். உதாரணத்துக்கு 65 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 10 ஓஆர், 13 டர்ன் ஓவர் என்றால் 76.8, அதாவது சுமார் 77. அந்த அணி 85 புள்ளி எடுத்திருந்தால் நூறு தாக்குதலுக்கு ஏறக்குறைய 111. வேகமாக ஆடும் அணியையும் நிதானமாக ஆடும் அணியையும் ஒப்பிட இதைவிட்டால் வழியில்லை.

பக்கத்தின் அடியில் பெஞ்ச் புள்ளி, ஃபாஸ்ட் பிரேக் (எதிரணி திரும்பித் தடுக்கும் முன் ஓடிப் போட்ட) புள்ளி, டர்ன் ஓவரிலிருந்து வந்த புள்ளி, அதிகபட்ச முன்னிலை எல்லாம் இருக்கும். ஒரு பார்வை போதும். குவாட்டர் ஸ்கோரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாரிஸ் அரையிறுதியில் அமெரிக்கா செர்பியாவை 95-91 என்று வென்றது என்பதில் ஒன்றுமே தெரியாது. மூன்று குவாட்டர் முடிந்தபோது செர்பியா 76-63 என்று முன்னே இருந்தது, கடைசிக் குவாட்டர் மட்டும் 32-15 என்றால்தான் நிமிர்ந்து உட்காருவோம். இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான். சுமார் மூன்று நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் மூன்று புள்ளி தூரத்தில் இருந்தது. அதற்கப்புறம் கரி நான்கு த்ரீ. இதெல்லாம் பாக்ஸ் ஸ்கோரில் வராது. பிளே-பை-பிளேயைத் திறக்க வேண்டும்.

படி 10: என்பிஏ எண்ணோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்

என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், ஃபீபா 40. நிமிடத்தில் மட்டும் 20% வித்தியாசம். த்ரீ கோடு ஃபீபாவில் 6.75 மீட்டர், என்பிஏவில் நேர் எதிரே 7.24. ஃபீபாவில் தடுப்பாட்டக்காரர் ரிங்கின் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், என்பிஏவில் யாரையும் காவல் காக்காமல் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது. ஃபீபாவில் ரிங்கைத் தொட்டுவிட்ட பந்தை யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். ஆக, 2023 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனி செர்பியாவை 83-77 என்று வென்றபோது டெனிஸ் ஷ்ரூடர் எடுத்த 28 புள்ளியை ஒரு சாதாரண என்பிஏ இரவின் 28-ஆகப் படிக்கக் கூடாது. 83-இல் 28 என்றால் அணியின் மூன்றில் ஒரு பங்கு.

படி 11: நீங்களே ஒரு ஆட்டத்தைப் பதியுங்கள்

இதைச் செய்து பார்த்தவர்கள்தான் மேலே சொன்ன எல்லாவற்றையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சென்னையில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. கல்லூரிப் போட்டிகள் இருக்கின்றன, ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை என்று துறை அணிகள் மோதும் ஆட்டங்களும் இருக்கின்றன. ஒரு நீள நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், அழிக்க வேண்டியிருக்கும். வியர்வையில் மையும் கரையும்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் ஆட்டத்தைப் பார்த்து "ஏழு, டூ, மிஸ், பத்து, டிஆர்" என்று ஜெர்சி எண்ணோடு சொல்ல வேண்டும். மற்றவர் தலைநிமிராமல் எழுத வேண்டும். பெரிய போட்டிகளின் மேசையிலும் வேலை இப்படித்தான் பிரிகிறது, நோட்டுக்குப் பதில் கணினி. முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு அணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குவாட்டர் முடிவிலும் டூ, த்ரீ, ஃப்ரீ த்ரோவைக் கூட்டி ஸ்கோர் போர்டோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஆட்டம் முடியும்வரை விட்டுவைத்தால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. தவறிய ஷாட் ஒவ்வொன்றுக்கும் யாருக்காவது ஒரு ரீபவுண்ட் எழுதியிருக்க வேண்டும். குவாட்டர் முடியும் மணியோடு தவறிய ஷாட்டும், இரண்டில் தவறிய முதல் ஃப்ரீ த்ரோவும் விதிவிலக்கு.

துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், பிளஸ்-மைனஸ் நான்கையும் கழற்றிவிடுங்கள். ஷாட், ஃப்ரீ த்ரோ, இரண்டு வகை ரீபவுண்ட், டர்ன் ஓவர் இவ்வளவையும் பிடித்துவிட்டால் படி 9-இல் சொன்ன தாக்குதல் கணக்கு முழுவதையும் அன்று மாலையே வீட்டில் போட்டுவிடலாம்.